தானியக் குவியலைத் தேடி வந்த பூனை

அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்ததும் அதன் பின்னாலேயே எலியும் வந்து சேரும். எலி வந்த சில நாட்களுக்கெல்லாம், யாரும் அழைக்காமலே, எங்கிருந்தோ ஒரு பூனை கொல்லைப் பக்கம் தலைகாட்டும். முதலில் தானியம், அதன் பின் எலி, எலியின் பின் பூனை என்ற இந்த வரிசை மிகப் பழமையானது. மனிதன் முதன்முதலாகத் தானியத்தைச் சேர்த்து வைத்த காலத்திலேயே இது தொடங்கிவிட்டது என்பதற்கு அகழ்வாராய்ச்சியாளர்களும் மரபணு விஞ்ஞானிகளும் கடந்த 25 ஆண்டுகளில் பல சான்றுகளைக் கண்டெடுத்துள்ளனர்.

பண்ணையில் உள்ள மற்றக் கால்நடைகளின் கதை வேறு. ஆடு, மாடு, எருமை ஆகியவற்றை மனிதன் இறைச்சிக்காகவும் பாலுக்காகவும் உழைப்புக்காகவும் பிடித்து வந்து கட்டினான். அவை மந்தையாக வாழும் பிராணிகள். தம்மில் பெரியதற்கு அடங்கி நடக்கும் குணம் அவற்றுக்குப் பிறவியிலேயே உண்டு. அந்த அடக்கத்தை மனிதன் தன் பக்கம் திருப்பிக் கொண்டான். பூனைக்கு மந்தையும் இல்லை, தலைவனும் இல்லை. தனியாக வேட்டையாடித் தனியாகத் தின்னும் பிராணி அது. பாரம் இழுக்காது, காவல் காக்காது, சொன்ன பேச்சும் கேட்காது. இப்படிப்பட்ட பிராணி மனிதன் வீட்டுக்குள் வந்து தங்கியது எப்படி என்பது விஞ்ஞானிகளுக்கு நெடுங்காலம் புரியாத புதிராகவே இருந்தது.

புலியின் பங்காளி

பூனைக் குடும்பத்தின் மிகப் பழைய எலும்புகள் ஐரோப்பாவில், முக்கியமாகப் பிரான்சு நாட்டில் கிடைத்தவை. புரோஐலூரஸ் என்று பெயரிடப்பட்ட அந்தப் பிராணி 2½ கோடி முதல் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. இன்று உலகில் உள்ள சிங்கம், புலி, சிறுத்தை முதல் வீட்டுப் பூனை வரை சுமார் 40 இனங்களுக்கும் பொதுவான மூதாதை ஆசியாவில், 1 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன்பு வாழ்ந்திருக்க வேண்டும் என்று 2006-ம் ஆண்டில் வெளியான மரபணு ஆராய்ச்சி கூறுகிறது. அந்த அடிமரத்திலிருந்து எட்டுக் கிளைகள் பிரிந்தன. முதலில் பிரிந்தது சிங்கம், புலிகளின் கிளை. வீட்டுப் பூனையின் கிளை கடைசியில் பிரிந்தவற்றில் ஒன்று. ஆகவே புலியைப் பூனையின் பாட்டன் என்பது சரியல்ல. இரண்டும் பங்காளிகள்; எப்போதோ பாகம் பிரிந்து போனவை.

வீட்டுப் பூனையின் நேரடி மூதாதை எது என்ற கேள்விக்கு 2007-ம் ஆண்டில் விடை கிடைத்தது. கார்லோஸ் டிரிஸ்கால் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் பல நாடுகளிலிருந்து 979 பூனைகளின் மரபணுக்களைச் சேகரித்து ஒப்பிட்டுப் பார்த்தனர். வீட்டுப் பூனைகளோடு ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா, மத்திய ஆசியா, சீனா, மேற்காசியா ஆகிய இடங்களின் காட்டுப் பூனைகளும் அதில் அடங்கும். எந்த நாட்டு வீட்டுப் பூனையை எடுத்தாலும் அதன் மரபணு மேற்காசியக் காட்டுப் பூனையுடன்தான் ஒத்துப் போயிற்று. இஸ்ரேல், சவூதி அரேபியா, பஹ்ரைன், ஐக்கிய அரபு நாடுகள் ஆகியவற்றின் வறண்ட நிலங்களில் இன்றும் திரிகிற பூனை அது. வட ஆப்பிரிக்காவிலும் அது உண்டு. இதனால் ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை என்றே அதை அழைப்பது வழக்கம்; விஞ்ஞானப் பெயர் பெலிஸ் லிபிகா. மணல் நிற உடல், மங்கலான வரிகள், நீண்ட கால்கள், வளையமிட்ட வால். தெருவில் போகும் வரிப் பூனையைச் சற்றுப் பெரிதாகவும் நெடிதாகவும் நினைத்துக் கொண்டால் அதுதான்.

தமிழ்நாட்டில் கரும்புத் தோட்டங்களிலும் ஏரிக்கரைப் புதர்களிலும் விவசாயிகள் காணும் காட்டுப் பூனை இதுவல்ல. அது வேறு இனம். வால் குட்டை, காது நுனியில் கறுப்பு முடி. வீட்டுப் பூனைக்கு அது தூரத்து உறவே தவிர மூதாதை அல்ல. இராஜஸ்தானிலும் கட்ச் பகுதியிலும் உடலெங்கும் புள்ளி போட்ட ஒரு காட்டுப் பூனை உண்டு. இந்திய வீட்டுப் பூனைகள் அதன் வழி வந்தவை என்று முன்பு கருதியவர்கள் உண்டு. 2007-ம் ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகு அந்தக் கருத்து எடுபடவில்லை.

இத்தனை காட்டுப் பூனைகள் இருக்க, ஒன்று மட்டும் வீட்டுக்கு வந்ததற்கு அதன் சுபாவமும் ஒரு காரணம். ஐரோப்பியக் காட்டுப் பூனையின் குட்டியைக் கண் திறக்கும் முன்பே எடுத்து வந்து பால் புகட்டி வளர்த்தாலும் வளர்ந்தபின் சீறிப் பாயும் என்பது வளர்த்துப் பார்த்தவர்களின் அனுபவம். ஆப்பிரிக்கக் காட்டுப் பூனையின் குட்டி அவ்வளவு முரடு அல்ல. சுபாவம் மட்டும் போதாது. மனிதன் பக்கம் வருவதற்கு ஓர் ஆதாயமும் வேண்டும். அந்த ஆதாயம் எலி.

எலிதான் முந்திக்கொண்டது

இஸ்ரேல் நாட்டின் ஹூலா பள்ளத்தாக்கில் ஐன் மல்லாஹா என்ற பழங்காலக் குடியிருப்பு தோண்டி எடுக்கப்பட்டது. அங்கு வாழ்ந்தவர்கள் உழுது விதைக்கத் தெரியாதவர்கள். காட்டுத் தானியங்களையும் கொட்டைகளையும் பொறுக்கி, மான்களை வேட்டையாடி வாழ்ந்தார்கள். ஆனால் அலைந்து திரியாமல் கல்வீடு கட்டி ஒரே இடத்தில் தங்கத் தொடங்கியவர்கள். 15,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து பல நூற்றாண்டுகள் அங்கு படிந்த மண்ணிலிருந்து கிடைத்த எலிப் பற்களை ஆராய்ந்து 2017-ம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. மக்கள் நிலையாகத் தங்கிய காலங்களில் வீட்டுச் சுண்டெலியின் பற்கள் மிகுதியாக இருந்தன. மக்கள் மீண்டும் அலையத் தொடங்கிய காலங்களில் அது குறைந்து, காட்டுச் சுண்டெலி மிகுந்தது. வீட்டு எலி என்ற ஒன்று உண்டானதற்கு உழவுகூடத் தேவைப்படவில்லை. மனிதன் ஓரிடத்தில் தங்கி, சிந்துவதும் சிதறுவதும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அதுவே எலிக்குப் போதுமானதாக இருந்தது.

பிறகு உழவு வந்தது. டைகிரிஸ், யூப்ரடீஸ் நதிகளின் மேற்பகுதியிலிருந்து ஜோர்தான் பள்ளத்தாக்கு வரை பிறை வடிவில் வளைந்து கிடக்கும் நிலப்பகுதியில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் கோதுமை, பார்லி, பட்டாணி, கொண்டைக்கடலை ஆகியவை பயிராயின. அங்கு மழை குளிர்காலத்தில் மட்டும்தான். வருஷத்துக்கு ஒரு போகம். ஒரு போகத்து விளைச்சலை அடுத்த அறுவடை வரை வைத்திருந்து தின்ன வேண்டும். விதைக்கும் எடுத்து வைக்க வேண்டும். குழி வெட்டிப் பூசியும், மண்ணால் குதிர் கட்டியும் தானியத்தைச் சேர்த்தார்கள். வருஷம் முழுவதும் ஓரிடத்தில் தீனி கிடைக்கிறது என்றால் சுண்டெலி எப்படிப் பெருகும் என்பதை விவசாயிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு சுண்டெலி மூன்று வாரம் சினை சுமந்து, ஒரே ஈற்றில் ஐந்து, ஆறு குட்டிகள் போடும். அந்தக் குட்டிகள் ஆறு, ஏழு வாரத்தில் தாமே சினையாகும்.

காட்டுப் பூனை ஓர் எலிக்காக இரவெல்லாம் பல மைல் அலைய வேண்டியிருந்த வறண்ட பூமி அது. கிராமத்து ஓரத்தில் எலி கூட்டம் கூட்டமாகக் கிடைத்தது. வந்த பூனைகளில் மிகுந்த அச்சம் உள்ளவை மனித வாடை பட்டதும் ஓடிவிட்டன. சற்றுத் துணிச்சல் உள்ளவை தங்கி, வயிறாரத் தின்று, குட்டிகளும் போட்டன. அந்தக் குட்டிகளிலும் துணிச்சலானவையே நிலைத்தன. விதை நெல்லுக்குக் கதிர் பொறுக்குவது போன்ற வேலைதான் இது. வித்தியாசம் என்னவென்றால், இங்கே பொறுக்கியவர் யாரும் இல்லை. தானியக் குதிரே சல்லடையாக இருந்து, மனிதனோடு ஒத்துப் போகும் பூனையைச் சலித்து எடுத்தது. மனிதனும் அதை விரட்டவில்லை. தானியத்தைத் தொடாது, குழந்தையைக் கடித்துக் கொண்டு போகும் அளவுக்குப் பெரிதல்ல, எலியையும் பாம்பையும் பிடிக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பான்.

2014-ம் ஆண்டில் வீட்டுப் பூனையின் மரபணுத் தொகுப்பையும் காட்டுப் பூனையின் தொகுப்பையும் ஒப்பிட்டவர்கள், குறைந்தது 13 மரபணுக்களில் முக்கியமான மாற்றங்களைக் கண்டனர். அவற்றில் பல மூளையின் வேலையோடு, அதாவது பயம், நினைவு, பரிசை எதிர்பார்த்துக் கற்றல் ஆகியவற்றோடு தொடர்புடையவை. மூளையின் அளவும் மூதாதையினுடையதைவிடச் சற்றுச் சிறுத்திருக்கிறது. மற்றபடி மாற்றம் மிகக் குறைவு. நாயையும் ஓநாயையும் பக்கத்தில் நிறுத்தினால் எது எது என்று குழந்தையும் சொல்லும். வரிப் பூனையையும் ஆப்பிரிக்கக் காட்டுப் பூனையையும் நிறுத்தினால் படித்தவர்களே தடுமாறுகிறார்கள்.

சைப்ரஸ் தீவில் ஒரு குழி

பூனை மனிதனுக்கு வேண்டியதாக ஆனது எப்போது என்பதற்கு மிகப் பழைய சான்று மத்தியதரைக் கடலில் உள்ள சைப்ரஸ் தீவில் கிடைத்தது. சில்லூரோகாம்போஸ் என்ற இடத்தில் பிரெஞ்சு அகழ்வாராய்ச்சியாளர்கள் ஒரு புதைகுழியைத் தோண்டினார்கள். சுமார் 30 வயதுள்ள மனிதர் ஒருவரின் எலும்புக்கூடு அதில் இருந்தது. கூடவே கற்கோடரிகள், தீட்டிய கற்கள், காவிக்கல். பக்கத்தில் கடற்சிப்பிகள் வைக்கப்பட்டிருந்தன. மனிதரிடமிருந்து 40 சென்டிமீட்டர் தூரத்தில், தனியாக வெட்டிய சிறு குழியில், சுமார் 8 மாத வயதுள்ள ஒரு பூனை கிடத்தப்பட்டிருந்தது. இரண்டு தலைகளும் மேற்கு நோக்கியிருந்தன. பூனையின் எலும்பில் வெட்டுக்காயம் எதுவும் இல்லை. அதை யாரும் அறுத்துத் தின்னவில்லை. ஷான் டெனி வீன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இதைப் பற்றி 2004-ம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், குழியின் வயது 9,500 ஆண்டுகள் என்று கணக்கிட்டார்.

சைப்ரஸ் தீவில் பூனை இயற்கையாகக் கிடையாது. தீவுக்கும் நிலப்பரப்புக்கும் இடையே குறைந்தது 60 கிலோமீட்டர் கடல். பூனை நீந்திப் போயிருக்க முடியாது. படகில் கொண்டு போயிருக்க வேண்டும். படகேறிப் போன அந்த உழவர்கள் விதைக் கோதுமையும் ஆடுகளும் கொண்டு போனார்கள். அழைக்காமலே சுண்டெலியும் போயிற்று. எலி போன இடத்துக்குப் பூனையையும் எடுத்துப் போனார்கள். அதன் உருவமோ காட்டுப் பூனையின் உருவம்தான். எலும்பை மட்டும் பார்த்தால் வீட்டுப் பூனை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் அதை ஒரு மனிதரின் பக்கத்தில் அடக்கம் செய்யும் அளவுக்கு அந்த மக்கள் மதித்திருக்கிறார்கள்.

தானியமே பூனையை அழைக்கிறது என்பதற்குச் சீனாவில் இன்னொரு சான்று உண்டு. ஷான்ஷி மாநிலத்தில் சுவான்ஹூகுன் என்ற பழைய உழவர் கிராமத்தில் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய பூனை எலும்புகள் கிடைத்தன. எலும்பைச் சோதித்தால் அந்தப் பிராணி உயிரோடு இருந்தபோது எதைத் தின்று வளர்ந்தது என்று இன்று சொல்லிவிடலாம். அந்தப் பூனைகள் தினையும் பனிவரகும் தின்ற எலிகளைத் தின்று வாழ்ந்திருக்கின்றன. ஒரு பூனை நேரடியாகவே தினைச் சோறு தின்றிருக்கிறது போலும். கிழப் பூனை ஒன்றும் இருந்தது; அதன் பற்கள் தேய்ந்து போயிருந்தன. 2013-ம் ஆண்டில் இது வெளியானதும் சீனாவில்தான் பூனை பழகியது என்ற பேச்சுக்கூட எழுந்தது. எலும்புகளை அளந்து 2016-ம் ஆண்டில் மறுபடி ஆராய்ந்தபோது, அவை ஆப்பிரிக்கக் காட்டுப் பூனையே அல்ல, சிறுத்தைப் பூனை என்று தெரிந்தது. உடலில் சிறுத்தை போலப் புள்ளிகள் கொண்ட வேறு இனம் அது. இந்தியக் காடுகளிலும் உண்டு. ஆக, வேறொரு தேசத்தில், வேறொரு பூனை, வேறொரு தானியத்தின் எலியைத் தேடி அதே போல் ஊருக்குள் வந்திருக்கிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் உழவர்களின் அருகிலேயே இருந்தும் அது வீட்டுப் பிராணியாகவில்லை. பிறகு காட்டுக்கே திரும்பிவிட்டது. இன்று சீனாவில் உள்ள வீட்டுப் பூனை, கி.பி. 8-ம் நூற்றாண்டை ஒட்டி மேற்கிலிருந்து வணிகர்களோடு போய்ச் சேர்ந்தது.

எகிப்து: தெய்வமும் எருவும்

எகிப்து தேசமே ஒரு பெரிய நெற்களஞ்சியம் போல இருந்தது. நெல்லுக்குப் பதில் கோதுமையும் பார்லியும். நைல் நதி வெள்ளம் வடிந்ததும் விதைத்து, அறுவடையானதும் வரியைத் தானியமாகவே அளந்தார்கள். அரசாங்கக் களஞ்சியங்களும் கோயில் களஞ்சியங்களும் ஊர்தோறும் நிறைந்திருந்தன. பூனைக்கு இதைவிட நல்ல இடம் ஏது? ஹியராகோன்போலிஸ் என்ற இடத்தில் 5,700 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு குழியில் ஓர் ஆண் பூனை, ஒரு பெண் பூனை, நான்கு குட்டிகள் ஆக ஆறு பூனைகள் ஒன்றாகப் புதைக்கப்பட்டிருந்தன. பிற்காலத்துச் சுவர் ஓவியங்களில் பூனை வீட்டு அம்மாளின் நாற்காலிக்கு அடியில் உட்கார்ந்து மீன் தின்கிறது. பூனைக்கு அவர்கள் வைத்த பெயர் 'மியூ'. பெயர் வைப்பதில் அதிகம் சிரமப்படவில்லை.

பூனைத் தலை கொண்ட பாஸ்டெட் தேவதைக்குப் புபாஸ்டிஸ் நகரில் கோயில் இருந்தது. வீட்டுப் பூனை இறந்தால் வீட்டார் புருவத்தைச் சிரைத்துக் கொண்டு துக்கம் காப்பார்கள் என்று கிரேக்க நாட்டு ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். கி.மு. முதல் நூற்றாண்டில் எகிப்துக்குப் போன டியோடோரஸ் என்ற இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர், தவறுதலாகப் பூனையைக் கொன்ற ஒரு ரோமானியரை மக்கள் கும்பலாகக் கூடிக் கொன்றதை நேரில் கண்டதாகக் குறித்திருக்கிறார். அதே காலத்தில்தான் கோயிலுக்குக் காணிக்கை செலுத்துவதற்கென்றே பூனைகளைப் பெருமளவில் வளர்த்து, இளங்குட்டிகளாகவே கழுத்தை நெரித்து, தைலமிட்டுத் துணி சுற்றி விற்றார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எக்ஸ்-ரே படங்களில் முறிந்த கழுத்தெலும்புகள் தெரிகின்றன. பக்தி ஒரு பக்கம், வியாபாரம் ஒரு பக்கம்.

இவ்வாறு பாடம் செய்யப்பட்ட பூனைகள் இலட்சக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்தன. 1888-ம் ஆண்டில் பெனி ஹசன் பகுதியில் நிலத்தைத் தோண்டிய ஓர் எகிப்திய விவசாயி அவற்றில் ஒரு பெரும் குவியலைக் கண்டார். 1890-ம் ஆண்டில் அதிலிருந்து சுமார் 19 டன், அதாவது ஏறத்தாழ 1,80,000 பூனைகள், கப்பலேற்றி இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் ஏலம் விடப்பட்டன. வாங்கியவர்கள் பொடியாக அரைத்து வயலுக்கு எலும்பு உரமாகப் போட்டார்கள். எகிப்தின் தானியத்தைக் காத்த பூனைகளின் வம்சம் இங்கிலாந்தின் பயிருக்கு எருவாகிப் போயிற்று.

கப்பலேறிய கதை மாறியது

மேற்காசியாவில் உழவு பரவியபோதே பூனையும் உழவர்களோடு துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்துவிட்டது என்றுதான் சமீப காலம் வரை எண்ணப்பட்டது. 2025-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி இந்தக் கருத்தை மாற்றியிருக்கிறது. பழங்காலப் பூனை எலும்புகளின் முழு மரபணுத் தொகுப்பையும் படித்ததில், ஐரோப்பாவிலும் துருக்கியிலும் கிடைத்த மிகப் பழைய எலும்புகள் எல்லாம் ஐரோப்பியக் காட்டுப் பூனையுடையவை என்று தெரிந்தது. வீட்டுப் பூனை ஐரோப்பாவில் காணப்படுவது சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்புதான். அது வந்ததும் மேற்காசியாவிலிருந்து அல்ல, வட ஆப்பிரிக்காவிலிருந்து. அப்படியானால் சைப்ரஸ் குழியில் கிடந்த பூனை? அது மனிதரோடு பழகிய பூனைதான். அந்த நட்பு உண்மைதான். ஆனால் ஐரோப்பா முழுவதும் பெருகிய வீட்டுப் பூனை அந்த வழியில் வந்ததல்ல. பழக்கம் ஏற்படுவது ஒன்று, வம்சம் நிலைப்பது வேறு. சீனத்துச் சிறுத்தைப் பூனையும் இதைத்தான் காட்டுகிறது.

வட ஆப்பிரிக்காவில் விளைந்த கோதுமை கப்பல் கப்பலாக ரோமுக்குப் போன காலம் அது. கோதுமை இருக்கும் கப்பலில் எலி இருக்கும். எலி இருந்தால் தானியம் மட்டுமல்ல, கயிறும் தோலும்கூடத் தப்பாது. பூனை இல்லாமல் கப்பலோட்டுவது கடினம்.

தமிழகத்துக்கும் இந்தக் கதையோடு ஒரு தொடர்பு உண்டு. செங்கடற்கரையில் எகிப்தின் பெரனிகே துறைமுகம், ரோமானியர் காலத்தில் தென்னிந்தியாவுடன் நடந்த வாணிபத்தின் முக்கியத் துறை. அங்கு 7½ கிலோ மிளகு நிறைந்த இந்தியச் சாடி ஒன்று தோண்டி எடுக்கப்பட்டது. தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடும் கிடைத்தது. அதே துறைமுகத்தின் ஊர் எல்லையில் வளர்ப்புப் பிராணிகளுக்கென்றே ஓர் இடுகாடு இருந்தது. கி.பி. முதல், இரண்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த 585 பிராணிகளின் எலும்புகள் அங்கு ஆராயப்பட்டு 2021-ம் ஆண்டில் விவரம் வெளியாயிற்று. பத்தில் ஒன்பதுக்கு மேல் பூனைகள். சிலவற்றின் கழுத்தில் இரும்பு வளையம், சிலவற்றின் கழுத்தில் மணிமாலை. மிளகும் தானியமும் மூட்டையாக அடுக்கிய கிடங்குகளும், சேர நாட்டு முசிறிக்குப் புறப்படும் மரக்கலங்களும் இருந்த ஊரில் இத்தனை பூனைகள் இருந்ததில் வியப்பில்லை. காட்டுப் பூனையைத் தமிழர் அதற்கு முன்பே நன்கு அறிவர். சங்க நூல்களில் வெருகு என்று அது பேசப்படுகிறது.

மாறாத பழக்கங்கள்

பத்தாயிரம் ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகும் பூனை பாலைவனத்து வேட்டைப் பிராணியாகவே இருக்கிறது. பூனை வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இது உபயோகமான செய்தி. பூனை தண்ணீர் அதிகம் குடிக்காது. சிறுநீரைக் கெட்டியாக்கி நீரை மிச்சப்படுத்தும் திறன் அதன் சிறுநீரகத்துக்கு உண்டு. இனிப்புச் சுவை அதற்குத் தெரியாது. அந்தச் சுவைக்கான மரபணு பூனைக் குடும்பத்தில் பழுதுபட்டுப் போயிற்று என்று 2005-ம் ஆண்டில் கண்டறியப்பட்டது. பாலில் சர்க்கரை போட்டாலும் போடாவிட்டாலும் அதற்கு ஒன்றே. டாரின் என்ற சத்து மாமிசத்திலும் மீனிலும் உண்டு, சோற்றில் இல்லை. அது தொடர்ந்து கிடைக்காவிட்டால் பூனையின் கண் பார்வை கெடும் என்பது 1975-ம் ஆண்டு முதலே தெரிந்த செய்தி. ஆகவே மோர்ச்சோறு மட்டும் போட்டுக் கட்டிப்போட்டு வளர்க்கும் பூனை நலமாக இராது.

மென்மையான மணலில் பள்ளம் பறித்து மலம் கழித்து மூடுவதும் அந்தப் பாலை நிலத்துப் பழக்கமே. வீட்டில் மணல் இல்லாவிட்டால் உமிக் குவியலையும் தவிட்டுத் தொட்டியையும் தேடும். இங்கே எச்சரிக்கை தேவை. பூனை மலத்தின் மூலம் பரவும் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி தீவனத்தில் கலந்தால் சினை ஆடுகள் கருச்சிதைந்துவிடும். கர்ப்பிணிப் பெண்களுக்கும் இது ஆபத்து. தீவனத்தை மூடி வைப்பதும், பூனைக்கென்று ஒரு மூலையில் மணல் கொட்டி வைப்பதும் எளிய காரியங்கள்.

பூனை எந்த எலியைப் பிடிக்கும் என்பதிலும் பலர் ஏமாந்து போகிறார்கள். அது வந்ததே சுண்டெலிக்காக. சுண்டெலியையும் எலிக்குஞ்சுகளையும் தயங்காமல் பிடிக்கும். வளர்ந்த பெருச்சாளி திருப்பிக் கடிக்கும் என்பது அதற்குத் தெரியும். நியூயார்க் நகரில் குப்பை தரம் பிரிக்கும் கூடம் ஒன்றில் திரியும் பூனைகளையும் பெரிய எலிகளையும் 79 நாட்கள் காமிரா வைத்துக் கவனித்தார்கள். 2018-ம் ஆண்டில் வெளியான முடிவின்படி அவை கொன்றது இரண்டே எலிகள். பூனைகளைக் கண்டு எலிகள் ஒளிந்து கொண்டனவே தவிர ஒழியவில்லை.

இதற்கு நேர்மாறான ஓர் அனுபவமும் பதிவாகியிருக்கிறது. சார்லஸ் எல்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி ஆக்ஸ்போர்டு பக்கத்துப் பண்ணைகளில் நெடுநாள் கவனித்து 1953-ம் ஆண்டில் எழுதியது அது. எலி ஏற்கனவே பெருகிவிட்ட பண்ணையைப் பூனைகளால் சுத்தம் செய்ய முடியாது. ஆனால் முதலில் வேறு முறைகளால் எலியை அடியோடு ஒழித்துவிட்டு, அதன்பின் பூனைகளை நிறுத்தினால், கட்டடங்களைச் சுற்றி சுமார் 50 கஜ தூரத்துக்குப் புதிய எலி வந்து குடியேறாமல் அவை காத்தன. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பூனைகளுக்கு அன்றாடம் பால் கொடுக்க வேண்டும். பட்டினி போட்டால்தான் பூனை எலி பிடிக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பசித்த பூனை பக்கத்து வீட்டுக்கோ வயலுக்கோ போய்விடும். தீனி கிடைக்கும் பூனை வீட்டைச் சுற்றியே இருக்கும். கண்ணில் பட்ட எலியையும் விடாது.

எலியை ஒழிக்க மருந்து வைப்பவர்கள், பூனை உள்ள வீட்டில் பொறியையும் கிட்டியையும் முதலில் நாடுவது நல்லது. புரோமடியோலோன் போன்ற, இரத்தத்தை உறையவிடாமல் செய்து கொல்லும் மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் சோர்ந்து தள்ளாடித் திரியும். அதைப் பிடிப்பது பூனைக்கு எளிது. தின்றால் பூனைக்கும் அதே கதி. மருந்து வைத்தே ஆக வேண்டும் என்றால், செத்த எலிகளைத் தினமும் பொறுக்கிப் புதைப்பதும், அந்த நாட்களில் பூனைக்கு வீட்டிலேயே வயிறு நிறையத் தீனி போடுவதும் அவசியம்.

குட்டி தேர்ந்தெடுப்பதில் கவனிக்க வேண்டியது தாயை. சீன விஞ்ஞானி குவோ 1930-ம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. எலி கொல்லும் தாயுடன் வளர்ந்த 21 குட்டிகளில் 18 குட்டிகள் வளர்ந்து எலி கொன்றன. தனியாக வளர்க்கப்பட்ட 20 குட்டிகளில் கொன்றவை 9. எலிக்குஞ்சுகளோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18 குட்டிகளில் 3 மட்டுமே. வேட்டை ஆசை பிறவியில் வந்தாலும் வேலை தாயிடம் படிக்க வேண்டியதாக இருக்கிறது. தாய்ப்பூனை முதலில் செத்த எலியையும் பிறகு குற்றுயிரான எலியையும் கொண்டு வந்து குட்டிகளின் முன் போடுவது இந்தப் பாடத்துக்காகத்தான். எனவே குட்டியை எட்டு வாரம் வரை தாயிடமே விட்டு வைக்க வேண்டும். அதே சமயம், இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் மனிதர் கை பட்டுப் பழகாத குட்டி பிறகு கிட்டே நெருங்காது. அந்த ஐந்து வாரங்களில் நாளுக்குச் சிறிது நேரம் வீட்டார் குட்டிகளைக் கையில் எடுத்து வந்தால் போதும்.